மலைக் குளிரில் ஒரு ப்ரீஆம்ப் பெடல்: கொடைக்கானலில் பல வருஷப் பழக்கம்

எல்.ஆர். பேக்ஸ் நிறுவனத்தின் பாரா அக்கூஸ்டிக் டிஐ பெடலைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே இருந்து, கிட்டாரின் மெல்லிய சிக்னலை வலுப்படுத்தி ஒலியைத் திருத்தித் தரும் ப்ரீஆம்ப் இது. சீசனில் கொடைக்கானல் ரிசார்ட்டுகளில் சாயங்கால வாசிப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், டிசம்பரில் கேரல், இடையிடையே கல்யாண வரவேற்பு என்று கிட்டார் போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்திருக்கிறது. "அண்ணா, இதை வாங்கினா கிட்டார் ஸ்பீக்கர்லயும் இயல்பா கேக்குமா?" என்று இங்கே கிட்டார் பழகும் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கும். ஆனால் பெட்டியைப் பிரித்துச் செருகிய உடனே கேட்காது. மலையில் கிட்டார் மாதத்துக்கு ஒரு குரலில் பேசும். பெடலின் குமிழ்களும் அதன் பின்னாலேயே நகர வேண்டும். அப்படி நகர்த்தப் பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நம்பகமான ஒன்றை நான் வாசித்துப் பார்த்ததில்லை.

என்னுடையது ட்ரெட்நாட் என்னும் பெரிய உடம்பு கிட்டார். மேல்பலகை ஸ்ப்ரூஸ், பக்கமும் பின்புறமும் மஹோகனி. கம்பிகள் படிந்திருக்கும் சின்னப் பட்டையான சேடிலுக்கு அடியில், அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பீஸோ பிக்கப் இருக்கிறது, உள்ளே ப்ரீஆம்ப் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகினால் மெலிந்துபோன தகர டப்பாச் சத்தம்தான் வரும். இதற்கு கிட்டாரைக் குறை சொல்லக் கூடாது. பீஸோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். எதில் செருகுகிறோமோ அந்த உள்ளீட்டின் மின்தடையோடு சேர்ந்து, கீழ் ஸ்வரங்களை வெட்டும் ஃபில்டராக அது மாறிவிடும். 500 பிக்கோஃபாரட் பிக்கப் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் சுமார் 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் இறங்க ஆரம்பிக்கும். தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 110, டி கம்பி 147. மெல்லிய ஈ கம்பியைத் தவிர மற்ற ஐந்து கம்பிகளின் திறந்த ஸ்வரங்களும் அந்த 320-க்குக் கீழேதான் இருக்கின்றன. மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும் என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். பாரா டிஐயின் உள்ளீடு 10 மெகா ஓம். அதே பிக்கப்பை இதில் செருகினால் வெட்டு 32 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, கிட்டாரின் எந்த ஸ்வரத்தையும் தொடுவதில்லை. ஒரு குமிழைக்கூடத் திருப்பாமல் கிட்டாருக்கு உடம்பு வந்த மாதிரி கேட்பது இதனால்தான். பெடல் வாங்க எடுத்துவைத்த பணத்தில் பாதி எனக்கு இந்த ஒரு விஷயத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

மீதிப் பாதி ஈக்யூவில், அதாவது ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில் இருக்கிறது. பீஸோ, கம்பி சேடிலை அழுத்தும் அழுத்தத்தை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. மேல்பலகையும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அறையில் எழுப்பும் ஓசை அதற்குப் போய்ச் சேருவது குறைவு. அதனால் ஓங்கி ஸ்ட்ரம் பண்ணும்போது ஒரு கறாரான, பிளாஸ்டிக் தட்டுவது போன்ற முனை கேட்கும். இந்தப் பெடலில் நடு அலைவரிசைக்கு இரண்டு குமிழ்கள். ஒன்று 400 முதல் 1600 ஹெர்ட்ஸ் வரை எந்த இடம் என்று தேர்ந்தெடுக்க, இன்னொன்று அந்த இடத்தைக் கூட்டவோ குறைக்கவோ. பிரசன்ஸ் 5 கிலோ ஹெர்ட்ஸிலும் ட்ரெபிள் 10 கிலோ ஹெர்ட்ஸிலும் வேலை செய்கின்றன. நான் செய்வது இதுதான். நடுக் குமிழை முழுக்கக் கூட்டிவிட்டு, வாசித்துக்கொண்டே இடத்தைத் தேடும் குமிழை மெதுவாகத் திருப்புவேன். எங்கே காது கூசுகிறதோ அங்கே நிறுத்தி, கூட்டியதைக் குறைவுப் பக்கம் திருப்பிவிடுவேன். என் கிட்டாரில் அந்த இடம் 1200-ஐ ஒட்டி வரும். பிரசன்ஸைச் சற்று இறக்குவேன். ட்ரெபிளில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு குமிழையும் கூட்டிக்கொண்டே போய் "பளிச்"சென்று ஆக்கினால் அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், பாடுகிறவர் வாயைத் திறந்ததும் கிட்டார் அவர் குரல்மேல் ஏறி உட்காரும். இயல்பான ஒலி கிடைப்பதெல்லாம் குறைப்பதில்தான் என்பது என் அனுபவம்.

அடுத்தது ஹவுலிங், அதாவது ஸ்பீக்கர் ஊளையிடுவது. ட்ரெட்நாட்டின் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். வாசிப்பவர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அந்த ஸ்வரத்தைத் திருப்பி அனுப்பினால் கிட்டார் அதை வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கே கொடுக்கும், பிறகு ஊளைதான். பெடலில் இருக்கும் நாட்ச் அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டித் தரும், மற்ற கீழ் ஸ்வரங்கள் பிழைத்துக்கொள்ளும். அதற்கும் முன்னால் நான் தொடுவது, சிக்னலைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் பட்டனை. பார்க்கச் சின்னதாக இருக்கும் இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். மானிட்டருக்கும் கிட்டாருக்கும் நடுவே உள்ள தூரம் 1.7 மீட்டர் மாறினால் அலை தலைகீழாக வந்து சேருகிறது. ஆகவே போன மேடையில் பட்டன் எந்தப் பக்கம் இருந்தது என்பது இந்த மேடைக்கு உதவாது. நிற்கப்போகும் இடத்தில் நின்று, ஏ கம்பியைத் தட்டிவிட்டு, பட்டனை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்து, எதில் ஊளை தாமதமாகக் கிளம்புகிறதோ அதில் விட வேண்டும். அரை நிமிஷ வேலை. சவுண்ட் ஹோலுக்கு ரப்பர் மூடி போடுவது கடைசி வழி. வேலை செய்யும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குக் கிட்டாரின் மூச்சு குறைந்துவிடும்.

இனி மலைக்கே உரிய விஷயம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர், நவம்பரில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அறையில் மாட்டியிருக்கும் ஈரப்பதமானி 80 சதவீதத்துக்கு மேல் காட்டும் நாட்கள் சகஜம். கிட்டாருக்குச் சுகமான அளவு 45 முதல் 55 வரை. ஈரம் ஏறினால் மேல்பலகை உப்புகிறது, சேடிலைத் தாங்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்கிறது, ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) உயர்கிறது, ஒலி கனத்து மந்தமாகிறது. அந்த மாதங்களில் கீழ் ஸ்வரங்களுக்கான லோ குமிழைக் கொஞ்சம் இறக்கி, பிரசன்ஸை நடுவுக்குக் கொண்டுவருகிறேன். ஹவுலிங் வரும் இடமும் சற்று நகர்ந்திருக்கும் என்பதால் நாட்சைப் புதிதாகத் தேட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் எல்லாம் தலைகீழ். இரவில் கடுங்குளிர், பகலில் வறண்ட வெயில். மரம் சுருங்கி, ஆக்ஷன் தாழ்ந்து, கிட்டார் கணீரென்று பேசும். அப்போது பிரசன்ஸை இறக்காமல் விட்டால் பீஸோவின் கூர் காதைக் குத்தும். சீசன் நேரமான ஏப்ரல், மே மாதங்களில்தான் கிட்டார் நடுநிலையில் இருக்கும். ஆனால் அப்போது அடிக்கடி வத்தலக்குண்டுக்கும் மதுரைக்கும் கிட்டாரை இறக்க வேண்டியிருக்கிறது. கீழே வெக்கையில் ஒரு நாள் இருந்துவிட்டு மலையேறினால், வந்த ராத்திரியே உறையைத் திறக்காமல் அறைக் குளிருக்குப் பழகவிட்டு, காலையில்தான் சுருதி சேர்க்கிறேன்.

இத்தனை மாற்றத்தையும் ஒரே அமைப்பில் சமாளிக்க முடியாது. பருவத்துக்கு ஒன்றாகக் குமிழ்களின் நிலையை மொபைலில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். படம் ஆரம்பப் புள்ளிதான், அங்கிருந்து அன்றைய கிட்டாரைக் கேட்டு நகர்த்த வேண்டும்.

இடமும் பேசும். கருங்கல் சுவர் சர்ச்சில் கட்டடமே போதுமான எதிரொலி தருகிறது, செயற்கை எதிரொலியான ரிவெர்ப் தேவையே இல்லை. ரிசார்ட் புல்வெளியில் கேம்ப் ஃபயர் பக்கத்தில் வாசித்தால் ஒலி எதிலும் மோதாமல் ஓடிவிடும். அங்கே மட்டும் பெடலின் எஃபெக்ட்ஸ் வழியில் (வேறு பெடலை இடையில் இணைக்கும் ஜாக்கில்) ஒரு சின்ன ரிவெர்ப் பெடலைச் சேர்க்கிறேன். தகரக் கூரை போட்ட கல்யாண மண்டபத்தில் மழை பிடித்துக்கொண்டால் விரல் நுனியின் நுணுக்கம் எல்லாம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் ஹவுலிங் வரும். பிரசன்ஸை மட்டும் ஒரு மயிரிழை ஏற்றினால் போதும், ஸ்வரங்கள் மழைக்கு மேலே தெரியும்.

மைக் செட்காரர்களோடு இணக்கமாக இருக்க இந்தப் பெடல் பெரிய உதவி. "தம்பி, கிட்டார் கத்துது, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று மிக்ஸர் பக்கமிருந்து குரல் வருவது நின்றுவிட்டது. எக்ஸ்எல்ஆர் வெளியீடு இருப்பதால் மைக் கேபிளையே செருகி, "அண்ணே, இதையும் ஒரு மைக்குன்னு நினைச்சுக்கோங்க, உங்க பக்கம் ஈக்யூவை நேராவே விட்டுருங்க" என்று சொல்லிவிடுவேன். இருபது, முப்பது மீட்டர் கேபிள் புல்வெளியில் ஓடினாலும், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும், சமநிலை லைன் என்பதால் இரைச்சல் பெரிதாக ஏறுவதில்லை.

மின்சாரத்துக்கு 9 வோல்ட் பேட்டரி, இல்லையென்றால் மைக் கேபிள் வழியாகவே மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம். அடாப்டர் செருகும் வசதி இதில் இல்லை. எங்கள் பக்கம் வரும் சின்ன மிக்ஸர்கள் பலவற்றில் ஃபேண்டமே இருக்காது. இருந்தாலும் எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்சாக இருக்கும். எனவே பேட்டரியை நம்பித்தான் போகிறேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும். மேடையேறும் வரை உபரி பேட்டரியை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. வாசித்து முடித்ததும் கிட்டார் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

ட்யூனர் இல்லை, மியூட் சுவிட்சும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துக் காலில் மிதிக்கும் ஒரு ட்யூனர் பெடல் தேவைப்படும். அதைக் கிட்டாருக்கும் இதற்கும் நடுவில் வைக்காமல் எஃபெக்ட்ஸ் வழியில் வையுங்கள், இல்லையென்றால் அந்த 10 மெகா ஓம் லாபம் கைவிட்டுப் போய்விடக்கூடும். இன்னொன்று, ஒரு கம்பி உரத்தும் பக்கத்துக் கம்பி செத்தும் கேட்டால் எந்தப் பெடலாலும் சரி செய்ய முடியாது. சேடிலின் அடிப்பகுதி சமதளமாக இல்லை, பிக்கப்பின் மேல் ஒரே சீராக உட்காரவில்லை என்று அர்த்தம். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் சேடிலைத் தேய்த்துச் சமமாக்கித் தரச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

மற்ற வழிகளும் உண்டு. ஃபிஷ்மேன் ஆரா வகைப் பெடல்கள் மைக்கில் பதிவு செய்த கிட்டார் ஒலியின் சாயலை பிக்கப் ஒலியோடு கலந்து தருகின்றன. டோன்டெக்ஸ்டர் என்ற பெடல், உங்கள் கிட்டாரையே மைக்கிலும் பிக்கப்பிலும் ஒரே நேரத்தில் கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொள்கிறது. தனியாக விரல் வாசிப்பு வாசிப்பவர்களுக்கு அது தரும் காற்றோட்டம் அருமையானது, நான் கேட்டு ரசித்திருக்கிறேன். ஆனால் ஈரமான நவம்பரில் கற்பித்த சாயல் வறண்ட பிப்ரவரிக்குப் பொருந்த வேண்டுமென்றால் மறுபடி நல்ல மைக்கோடு உட்கார வேண்டும். குனிந்து இரண்டு குமிழைத் திருப்புவது மேடையில் எனக்கு எளிதாக இருக்கிறது.

உங்கள் கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்பும் ஈக்யூவும் இருந்தால் 10 மெகா ஓம் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நாட்சும் ஃபேஸும் நடுக் குமிழும் மட்டுமே லாபம், அதற்கு இவ்வளவு செலவு தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாங்குவதென்று முடிவானால் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள். கடைக் கிட்டாரில் சோதிப்பதில் பயனில்லை. போவதற்கு முன்னால் புதுக் கம்பி மாற்றாதீர்கள், நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பழைய கம்பியோடு கேளுங்கள். கிட்டாரில் ஈக்யூ இருந்தால் அதை நடுவில் வைத்துவிட்டு, பெடலின் எல்லாக் குமிழ்களும் நடுவில் இருக்கும்போது முதலில் ஒரு பாட்டு முழுதும் வாசியுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திருப்புங்கள்.