கம்பி விலையோடு கியூசம்: சில வருட அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் எங்களுடையது சின்ன மெஷின் ஷாப். இரும்பு ராடு, பித்தளை ராடு இல்லாமல் ஒரு வாரமும் ஓடாது. 2021 கடைசியிலிருந்து, வாங்கும் முன் எக்செல்லில் கியூசம் (CUSUM, சின்னச் சின்ன விலகல்களைக் கூட்டிக்கொண்டே போய்ப் போக்கு மாற்றத்தைப் பிடிக்கும் கணக்கு) போட்டுப் பார்க்கிறேன்.

1954இல் ஈ. எஸ். பேஜ் என்ற புள்ளியியலாளர் தரக் கட்டுப்பாட்டுக்காகத் தந்த முறை இது. ஷாஃப்ட் விட்டம் மெல்ல மெல்ல விலகினால் எப்படிப் பிடிப்போமோ, அப்படியே விலையையும் பிடிக்கலாம். வாராந்தர விலை மாற்றச் சதவீதத்தில், வழக்கமான மாற்றத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்து, அதிலிருந்து திட்ட விலக்கத்தில் (சராசரியைச் சுற்றி மாற்றம் வழக்கமாக எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) பாதியைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே வைக்க வேண்டும். நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை, போக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். இறக்கத்துக்குத் தனிக் கணக்கு.

தொடக்கத்தில் விலையையே நேராகப் போட்டேன். விலை எங்கும் நிலைத்து நிற்காது, அதனால் தினம் எச்சரிக்கைதான். சதவீதத்துக்கு மாறியதும் அடங்கியது. எல்லையைத் திட்ட விலக்கத்தின் ஐந்து மடங்காக வைத்தால் பொய் எச்சரிக்கை சராசரியாக 465 அளவீடுகளுக்கு ஒன்று, நான்கு மடங்கானால் 168க்கு ஒன்று என்கிறது பாடம். ஆனால் உலோக விலை அவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஒரே வாரத்துப் பாய்ச்சல் எல்லையை உடைத்துவிடும். அதனால் ஒரு வார மாற்றத்தை மூன்று திட்ட விலக்கத்தோடு நிறுத்திக் கணக்கில் எடுக்கிறேன்.

2022 மார்ச்சில் உக்ரைன் போர் சூட்டில் ஏற்றத்துக்கு எச்சரிக்கை வந்தது. டீலரும் போன் செய்தார்: "சார், இன்னைக்கே எடுத்து வைங்க, நாளைக்கு இந்த ரேட் வராது." மூன்று மாதச் சரக்கை எடுத்தேன். மே 21இல் உருக்குப் பொருட்கள் பலவற்றுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி அறிவித்தார்கள், உள்நாட்டு விலை சரிந்தது. பழைய விலைச் சரக்கோடு நான் உட்கார்ந்திருந்தேன். கணக்கு தப்பில்லை. போக்கு மாறியதைத்தான் அது சொன்னது, எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்லவில்லை. அதை நான்தான் சேர்த்துப் படித்துவிட்டேன்.

இப்போது ஏற்ற எச்சரிக்கை வந்தால் கோடவுனை நிரப்புவதில்லை. கஸ்டமருக்குக் கொடுக்கும் கொட்டேஷனின் செல்லுபடிக் காலத்தை 30 நாளிலிருந்து 7 நாளாகக் குறைக்கிறேன். இறக்கம் என்றால் இரண்டு வாரச் சரக்கு மட்டும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே சின்ன ஷாப் வைத்திருப்பவர்களை முயன்று பார்க்கச் சொல்வேன்.

அப்புறம், அரசின் மொத்த விலைக் குறியீட்டெண்ணிலும் போட்டுப் பார்த்தேன். மாதம் ஒருமுறை, அதுவும் தற்காலிக எண்ணாக வந்து பிறகு திருத்தப்படுவதால் வாராந்தரக் கொள்முதலுக்கு உதவவில்லை. ஆண்டு ஒப்பந்தத்தில் விலை மாற்ற விதி எழுத அதைத்தான் வைத்திருக்கிறேன்.