என்.டபிள்யூ.பி. ஃபார்மட்: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துல இருந்து ஒரு ரிவ்யூ

நரம்பு செல்லுக்கு கரண்ட் குடுத்து ரெக்கார்ட் பண்றவங்க இந்த என்.டபிள்யூ.பி.ய (நியூரோடேட்டா வித்தவுட் பார்டர்ஸ், நரம்பு ஆய்வு டேட்டாவ சேமிக்கிற ஃபைல் ஃபார்மட்) தாராளமா எடுத்துக்கலாம், ஃப்ரீதான், என் கணக்குல நாலு ஸ்டார். நாம குடுத்த ஸ்டிமுலஸ் தனியா, செல் காட்டின ரெஸ்பான்ஸ் தனியா, அதுவும் வோல்ட், ஆம்பியர்னு யூனிட்டோட ஒரே ஃபைல்ல உக்காந்துரும், பிரிட்ஜ் பேலன்ஸ் (எலக்ட்ரோடால வர்ற வோல்டேஜ் பிழைய கழிக்கிற செட்டிங்), எலக்ட்ரோடு ரெசிஸ்டன்ஸ் எழுதவும் இடம் இருக்கு, எக்செல் ஷீட்ல இதெல்லாம் யாரு ஒழுங்கா எழுதுறா சொல்லுங்க. கடுப்பு என்னன்னா டெம்பரேச்சருக்குன்னு தனி இடம் இல்ல, ஸ்லைஸ்ங்கிற (வெட்டின திசுவ பத்தி எழுதுற) கட்டத்துல சும்மா டெக்ஸ்ட்டா அடிக்கணும். அத விட்டுட்டா போச்சு, பின்னாடி இந்த டேட்டாவ வச்சு கம்ப்யூட்டர்ல மாடல் பண்றவங்களுக்கு டெம்பரேச்சர் தெரியாது, அவங்க குடுக்கலேன்னா நியூரான்ங்கிற சிமுலேட்டர் சாஃப்ட்வேர் தானா 6.3 டிகிரி செல்சியஸ்னு எடுத்துக்கும் (1952ல ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லிங்கிற விஞ்ஞானிகள் கணவாய் மீன் நரம்புக்கு போட்ட கணக்கு அது), நம்ம மண்டபத்து வெக்கைக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, ஸ்பைக் (செல்லோட மின் துடிப்பு) ஷேப்பே மாறிரும். இந்த ஃபைல எழுத, படிக்க பெரும்பாலும் பைத்தான் புரோகிராமிங்தான், அது தெரியாதவங்களுக்கு ஆரம்பத்துல தலைசுத்தும், பக்கத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர வச்சுக்கோங்க.