முட்டை டெம்பரா ஓவியத்துக்கு அசல் தங்க ரேக்கா, பித்தளை ரேக்கா?

காட்டு முயல், நரி, மான் என்று முட்டை டெம்பராவில் (மஞ்சள் கருவில் நிறப்பொடி குழைத்துத் தீட்டும் முறை) வரைகிறவர்கள் பின்னணிக்கு எந்த ரேக்கை, அதாவது மெல்லிய உலோகத் தாளை, ஒட்டுவது என்று தயங்குவது இயல்பு. நான் இரண்டையும் கையாண்டுவிட்டுத் தங்கத்திலேயே நின்றுவிட்டேன்.

விலையில் பித்தளைதான் மலிவு. செம்பும் துத்தநாகமும் கலந்த அந்த ரேக்கு தடிமனானது, விரலால் எடுத்தே ஒட்டலாம். 23 காரட் தங்க ரேக்கோ மூச்சுப்பட்டாலே சுருண்டுகொள்ளும்.

ஆனால் விஷயம் வார்னிஷில் இருக்கிறது. பித்தளை காற்றிலும் ஈரத்திலும் கறுக்கும். ஒட்டிய கையோடு வார்னிஷ் பூசி மூடியாக வேண்டும். அதன் மேல்தான் தண்ணீரும் மஞ்சள் கருவும் நிறப்பொடியும் சேர்ந்த வண்ணம் ஏற வேண்டும். அது ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். தங்கத்தின் மேலும் சற்று வழுக்கத்தான் செய்யும். கருவைக் கொஞ்சம் கூட்டினால் பிடித்துக்கொள்கிறது.

முயலின் காதோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெருகேற்றிய தங்கத்தின் மேல் பழுப்பு வண்ணம் பூசி, அது இறுகுவதற்குள் கூரான மரக்குச்சியால் மெல்லக் கீறினால், ஒவ்வொரு கீறலிலும் ஒரு பொன்முடி எழும்பும். டெம்பரா உடனுக்குடன் உலர்வதால் ரோமத்தை இழை இழையாகத்தான் வரைய முடியும். இந்தக் கீறல்கள் அந்த இழைகளோடு ஒன்றிவிடுகின்றன. பித்தளையில் இதே கீறல் வார்னிஷையும் கிழிக்கும். பிறகு முதலில் கறுப்பது அந்த முடிகள்தான். ஓவியத்திலேயே உயிர்ப்பான இடம் அது!

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள வில்டன் இரட்டைப் பலகை (புத்தகம்போல் மடித்து மூடும் ஓவியம்) 1395–99 வாக்கில் இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்காகத் தீட்டப்பட்டது. அதன் வெளிப்புறத்தில் புல்தரையில் ஒரு வெண்மான் படுத்திருக்கிறது. கைபட்டுக் கைபட்டு அந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது; எஞ்சிய தங்கம் மட்டும் இன்றும் தங்கமாகவே இருக்கிறது.

நான் சொல்வதெல்லாம் செங்களிமண் பூச்சை நனைத்துத் தங்கம் ஒட்டி, அகேட் கல்லால் தேய்க்கும் முறையை வைத்து. எண்ணெய்ப் பசையில் ஒட்டும் முறையில் எனக்குப் பழக்கம் குறைவு. அதில் மெருகு ஏறாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பயிற்சிப் பலகைக்கும் சட்டத்துக்கும் பித்தளை போதும். செலவு இடித்தால் பலகையின் அளவைக் குறையுங்கள், அல்லது மரங்களுக்கிடையே தெரியும் வானத்துக்கு மட்டும் தங்கம் வையுங்கள், ரேக்கை மாற்றாதீர்கள்.