எடைச் சீட்டை எதால் வகுப்பது? கான்கிரீட் கன அளவுக்கு எந்தக் கணக்கை நம்பலாம்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். 1,300 சதுர அடி, 5 அங்குலக் கனம், பீம்கள் தனி. எல்லாம் சேர்த்துக் கணக்குப்படி 17.54 கன மீட்டர். பிளான்ட்டிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் 18 கன மீட்டர் சொல்லியிருந்தோம். லாரிக்கு 6 கியூபிக் (கன மீட்டர்) என்று மூன்று லாரி வந்தது. மூன்றாவது லாரியும் காலியானபோது ஒரு மூலையில் கம்பி அப்படியே வெளியே தெரிந்தது. அளந்தால் சுமார் 0.6 கன மீட்டர் குறைகிறது. பக்கத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த மிக்சர் மிஷினை வரவழைத்து, முதலில் போட்டது இறுகுவதற்குள் அந்த மூலையை நிரப்பினோம். அதற்கு அப்புறம்தான் பஞ்சாயத்து.

வீட்டுக்காரர் விவரமானவர். மூன்று லாரிகளையும் வரும்போது ஒருமுறை, காலியாகத் திரும்பும்போது ஒருமுறை எடைமேடையில் ஏற்றியிருந்தார். நிகர எடை 14,590, 14,610, 14,560 கிலோ. கூட்டினால் 43,760. எடையில் யாருக்கும் மறுப்பு இல்லை. கான்கிரீட் கொடுத்தவர், ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ என்று கொண்டு, அதை 2,400-ஆல் வகுத்து, "18.23 வருது சார், கூடத்தான் கொடுத்திருக்கோம்" என்றார். வீட்டுக்காரர் வரைபடத்தில் கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன் (பாரத்தைச் சொல்லும் அலகு) என்று இருந்ததைப் பார்த்து 2,500-ஆல் வகுத்தார், 17.50 வந்தது. "அரை கியூபிக் குறையுது" என்றார். ஒரே சீட்டு, இரண்டு விடை, நடுவில் 0.73 கன மீட்டர். கன மீட்டர் 5,000 ரூபாய் என்று வைத்தால் 3,650 ரூபாய்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எடையைக் கன அளவாக மாற்ற அடர்த்தியால் வகுக்க வேண்டும்; அது சரி. அந்த லாரியில் வந்த கான்கிரீட்டின் அடர்த்தி என்ன என்று மட்டும் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

புத்தகத்து எண்

2,400 என்பது தலைமுறைகளாக வாயில் புழங்கும் எண். நம் ஊர் விதிநூலான ஐ.எஸ். 456 (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) சாதாரண கான்கிரீட்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 24 கிலோ நியூட்டன், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 25 கிலோ நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதுவும் இதைவிடத் துல்லியமான கணக்கு தேவைப்படாத இடத்தில்தான். பீமும் தூணும் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று வடிவமைப்பவருக்காகச் சொன்னது அது. பில் போடுவதற்காகச் சொன்னதல்ல.

அந்த எண்ணையும் நாம் ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை. 24 கிலோ நியூட்டனை 9.81-ஆல் வகுத்தால் 2,446 கிலோ வரும். மனக்கணக்குக்காக 10-ஆல் வகுப்பதால் 2,400 ஆகிவிட்டது. அந்தச் சௌகரியத்திலேயே கிட்டத்தட்ட 2 சதவீதம் போய்விடுகிறது. 25 கிலோ நியூட்டனில் கம்பியின் எடையும் அடக்கம். லாரி டிரம்மில் கம்பி வருவதில்லை. ஆகவே வீட்டுக்காரர் எடுத்த எண் அடிப்படையிலேயே வேறு பொருளுக்கானது.

ஜல்லி மாறினால் அடர்த்தியும் மாறும். அணு உலையில் கதிர்வீச்சைத் தடுக்க ஹேமடைட், பாரைட் கல் போட்டுச் செய்யும் கான்கிரீட் 3,000 கிலோவைத் தாண்டும். இலேசான ஜல்லி போட்டது 2,000-க்குக் கீழே இறங்கும். நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லியும் அதே கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட் மணலும் போட்டால், நான் பார்த்த வேலைகளில் பெரும்பாலும் 2,430-லிருந்து 2,500 வரை வந்திருக்கிறது. ஆர்டர் கொடுக்க, எத்தனை லாரி வேண்டும் என்று முடிவு செய்ய, முட்டுக்கு எவ்வளவு பாரம் வரும் என்று பார்க்க 2,400 போதும். இரண்டு பேர் காசுக்காக எதிரெதிரே நிற்கும்போது அது போதாது.

கியூப் மோல்டில் அளந்த எண்

என் கட்சி இதுதான். காரணம் எளிது: இதற்கான அளவுக் கருவி ஏற்கெனவே சைட்டில் கிடக்கிறது.

வலிமைச் சோதனைக்கு எடுக்கும் 150 மி.மீ. கியூப் மோல்டின் கன அளவு 0.003375 கன மீட்டர். காலி மோல்டை எடை போட்டு, அந்த எடையைப் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு மோல்டும் வேறு எடை இருக்கும். லாரியின் நடுப்பகுதிக் கொட்டலில் கான்கிரீட் எடுங்கள். முதலில் விழுவதும் கடைசியில் விழுவதும் வேண்டாம். மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 35 குத்து குத்தி, மேலே கரணையால் மட்டமாகச் சீவி, வெளியே ஒட்டியதை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கால் மணி நேர வேலை. காலி எடையைக் கழித்தது போக 8.10 கிலோ என்றால் அடர்த்தி 2,400. 8.26 என்றால் 2,447. 8.44 என்றால் 2,500. இந்த மூன்றும் மனதில் இருந்தால் கால்குலேட்டரே வேண்டாம்.

அன்று லாரிக்கு ஒன்றாக எடுத்திருந்த மூன்று கியூப்களும் 8.36, 8.34, 8.38 கிலோ இருந்தன. சராசரி 8.36, அடர்த்தி 2,477. அதால் 43,760-ஐ வகுத்தால் 17.67 கன மீட்டர். கொடுத்தவர் சொன்ன 18.23-ம் இல்லை, வீட்டுக்காரர் சொன்ன 17.50-ம் இல்லை.

இதிலும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. தராசு 50 கிராம் பிசகினால் 18 கியூபிக்கில் 0.1 பிசகும். அதனால் ஒரு கியூபை வைத்துச் சண்டைக்குப் போகக் கூடாது. அமெரிக்க விதியான ஏ.எஸ்.டி.எம். சி-94 குறைந்தது மூன்று லாரிகளில் அளந்து சராசரி எடுக்கச் சொல்கிறது, நல்ல வழக்கம். அதைவிடப் பெரிய தப்பு, சரியாகக் குத்தாமல் விடுவது. உள்ளே காற்று நின்றால் எடை குறையும், அடர்த்தி குறைவாகக் காட்டும், அதே லாரி எடைக்குக் கன அளவு கூடுதலாகத் தெரியும். லாபம் கொடுத்தவருக்குப் போகும். ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். 4926 நன்றாகக் குத்தி இறுக்கிய பச்சைக் கான்கிரீட்டின் கன மீட்டரில்தான் பில் போடச் சொல்கிறது. குத்தும் வேலையை யார் செய்தாலும் இரண்டு தரப்பும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

பேட்ச் சீட்டு

பிளான்ட்டிலிருந்து லாரியோடு வரும் சீட்டில் சிமென்ட், தண்ணீர், மணல், ஜல்லி எல்லாம் கிலோவில் இருக்கும். உதாரணத்துக்கு ஒரு எம்-25 (பலத்தைச் சொல்லும் தர எண்) கலவை: சிமென்ட் 340, தண்ணீர் 165, எம்-சாண்ட் 790, 20 மி.மீ. ஜல்லி 690, 12 மி.மீ. ஜல்லி 460, கெமிக்கல் 3. மொத்தம் 2,448 கிலோ. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்து, ஒரு சதவீதம் காற்றையும் சேர்த்தால் ஒரு கன மீட்டருக்கு வந்து நிற்கும். ஆக இந்தக் கலவைக்கு 6 கியூபிக் லாரியில் 14,688 கிலோ இருக்க வேண்டும். சீட்டின் கூட்டுத்தொகையையும் எடைமேடைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரிய குறை இருந்தால் உடனே தெரிந்துவிடும். செலவே இல்லாத சரிபார்ப்பு; கட்டாயம் செய்யுங்கள்.

ஆனால் மழைக்காலத்தில் இந்தச் சீட்டை அப்படியே நம்ப மாட்டேன். எம்-சாண்டில் 5 சதவீத ஈரம் இருந்து, பிளான்ட்டில் அதைக் கழிக்காமல் விட்டால், 790 கிலோ மணல் என்று போனதில் ஏறக்குறைய 38 கிலோ வெறும் தண்ணீர். மொத்த எடை மாறாது. எடைமேடையும் ஒத்துப்போகும். ஆனால் 38 கிலோ மணல் அடைப்பது 14 லிட்டர் இடம். 38 கிலோ தண்ணீர் அடைப்பது 38 லிட்டர். கன மீட்டருக்கு 24 லிட்டர் கூடிவிடும், அடர்த்தி 2,390-க்கு இறங்கும். அளவு கூடியது என்று சந்தோஷப்பட முடியாது. கூடியது தண்ணீர், குறைந்தது பலம். சீட்டும் எடைமேடையும் சொல்லாத இதைக் கியூப் சொல்லிவிடும்: 8.26 இருக்க வேண்டிய இடத்தில் 8.07 காட்டும்.

சைட்டில் வந்து தண்ணீர் ஊற்றுவதும் இதே கதைதான். பம்ப் இழுக்கவில்லை என்று 6 கியூபிக் லாரியில் 100 லிட்டர் விட்டால், கியூபில் சுமார் 80 கிராம் குறையும். நிலையாக 2,400-ஆல் வகுப்பவருக்கு அந்தத் தண்ணீரும் கான்கிரீட்டாகவே கணக்கில் ஏறும்.

எடைமேடையின் ஓட்டைகள்

எடைமேடை 5 அல்லது 10 கிலோவுக்குத் துல்லியமாகக் காட்டும். 10 கிலோ என்றால் 4 லிட்டர் கான்கிரீட், விட்டுத்தள்ளலாம். தப்பு வருவது காலி எடையில். ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும் காலி எடையைக் கழிக்கவே கூடாது. டிரம்முக்குள் பழைய கான்கிரீட் பாறையாக ஒட்டியிருக்கும். அது நீங்கள் வாங்கிய சரக்கு அல்ல. அதே நாள், அதே மேடை, கொட்டிய பிறகு காலி எடை, இதுதான் முறை. அப்போதுகூட ஒன்றைப் பார்க்க வேண்டும். லாரியில் கழுவுவதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. வரும்போது அது நிறைந்திருந்து, சைட்டில் 400 லிட்டரையும் கழுவிக் கொட்டிவிட்டு மேடை ஏறினால், அந்த 400 கிலோவும் கான்கிரீட் கணக்கில் சேர்ந்துவிடும். 0.16 கன மீட்டர் அப்படியே போச்சு. டிரைவரிடம், "அண்ணே, எடை போட்டுட்டு வந்து கழுவிக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

டேப்பும் சென்ட்ரிங்கும்

எடையே வேண்டாம், போட்ட தளத்தை அளந்து காசு கொடுக்கிறேன் என்பவர்கள் நிறையப் பேர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுத்தவரின் குறையையும் நம் வேலையின் குறையையும் அது ஒன்றாகக் கலந்துவிடும். 1,300 சதுர அடித் தளத்தில் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகடு அரைக்கால் அங்குலம், அதாவது 3 மி.மீ. தாழ்ந்தால் 13.5 கன அடி, 0.38 கன மீட்டர் கூடுதலாக உள்ளே போகும். 5 அங்குல பம்ப் பைப் 30 மீட்டர் நீளத்துக்கு 0.37 கன மீட்டரைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். கம்பியின் கன அளவு எதிர்த்திசையில் கொஞ்சம் ஈடுகட்டும். ஒரு டன் கம்பி 0.13 கன மீட்டர்தான். நம் அளவு விதி ஐ.எஸ். 1200 அதைக் கழிக்கவே சொல்வதில்லை.

எங்கள் மூலை விஷயத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். தேவை 17.54, சென்ட்ரிங் தகடு தாழ்ந்ததை நூல் பிடித்துப் பார்த்ததில் 0.38, பைப்பில் நின்றது 0.37. மொத்தம் 18.29. வந்தது 17.67. குறை 0.62. கண்ணால் பார்த்த குறையோடு சரியாக ஒத்துப்போனது. அதில் கொடுத்தவரின் பங்கு 0.33, மீதி 0.29 எங்களுடையது. அவர் முழு 18 கொடுத்திருந்தாலும் அந்த மூலை நிரம்பியிருக்காது. டேப் மட்டும் வைத்திருந்தால் முழுப் பழியும் அவர் தலையில் விழுந்திருக்கும். 2,400 மட்டும் வைத்திருந்தால் முழுப் பழியும் எங்கள் மேல்.

சைட்டிலேயே மூட்டைக் கணக்கில் கலப்பவர்களுக்கு இந்தத் தகராறு குறைவு. 50 கிலோ மூட்டை சிமென்ட் சுமார் 35 லிட்டர். 1:2:4 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) கன மீட்டருக்கு ஆறு, ஆறரை மூட்டை. ஜல்லியும் மணலும் யூனிட் (100 கன அடி) கணக்கில் வாங்குவதால் உதிரிப் பொருளின் இடைவெளிதான் அங்கே பிரச்சினை, அடர்த்தி அல்ல. இடித்த கான்கிரீட்டை டன்னில் ஏற்றி அனுப்புபவர்களும் கவனிக்க வேண்டும்: இடிபாடு குவியலில் காற்று அதிகம், 2,400-ஆல் வகுத்தால் லாரி போதாமல் போகும்.

என் தேர்வைக் கேட்டால்: ஆர்டர் கொடுக்கும் அன்று டேப்போடு 2,400, லாரி வரும் அன்று முழு எடை, காலி எடை, லாரிக்கு ஒரு கியூப், பேட்ச் சீட்டு ஒத்துப் பார்க்க மட்டும். ஆர்டரிலேயே பைப்புக்கும் சென்ட்ரிங் தகடு தாழ்வதற்கும் 4 சதவீதமாவது கூட்டிச் சொல்லிவிடுங்கள். எந்த அடர்த்தியால் வகுப்பது என்பதையும் ஆர்டரில் ஒரு வரி எழுதுங்கள்: "சைட்டில் கியூப் மோல்டில் அளந்த சராசரி." கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் இதற்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை, கொட்டிய பிறகு ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

அன்று எங்களிடம் அப்படி ஒரு வரி இல்லை. கொடுத்தவரின் ஆள் மூன்று கியூப்களையும் மறுநாள் மோல்டிலிருந்து கழற்றியதும், தண்ணீரில் போடுவதற்கு முன் தானே மறுபடி எடை போட்டுப் பார்த்தார். பில்லில் 18-ஐ அடித்து 17.67 என்று எழுதிக் கொடுத்தார்.