குதிரை வாங்கப் போறவங்க கவனத்துக்கு: என் 95,000 ரூபாய் போன கதை

வலது மணிக்கட்டுல கட்டு, இடது கையால தட்டுறேன். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. குதிரை வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பழைய பொருள் விக்கிற ஆப் ஒண்ணுல விளம்பரம். "5 வயசு செவலைப் பெட்டை, நல்லாப் பழக்கினது, சின்னப் பசங்களே ஓட்டலாம்." பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பு. நான் போய் இறங்கும்போதே சேணம் கட்டித் தயாரா நிக்குது. தலை தொங்கிக் கிடக்கு, கீழுதடு தளர்ந்து ஆடுது. நான் என்ன நெனச்சேன்? எவ்ளோ சாதுன்னு நெனச்சேன்! அந்தாளு தன் ஏழு வயசுப் பொண்ணைத் தூக்கி மேல உக்கார வச்சுட்டு, கயிறை என் கையில குடுத்தான். "நீங்களே நடத்திப் பாருங்கண்ணா." அங்கதான் விழுந்தேன். பெத்த புள்ளைய எவனாவது பணயம் வைப்பானா? 95,000 ரூபாய். பேரம்கூடப் பேசல.

மூணாம் நாள் வயித்து வாரை இறுக்கினதும் காதை மடக்கிக் கடிக்க வந்துச்சு. அப்பவாவது விட்டிருக்கணும். ஏறினேன். முதுகை வளைச்சு ஒரே உதறு.

போன் பண்ணா, "புது இடம்ணா, ஒரு வாரம் போகட்டும்." அடுத்த வாரம், "கொள்ளு ஜாஸ்தி போட்டிருப்பீங்க." அப்புறம், "உங்களுக்கு ஓட்டத் தெரியல." அப்புறம் பிளாக். ஆப்காரங்களுக்கு எழுதினா, வாங்குனவரும் வித்தவரும் பேசித் தீர்த்துக்கணுமாம்.

கால்நடை டாக்டர் வந்து குதிரை வாயைத் திறந்து பாத்தார். மேல்வரிசை ஓரப் பல்லுல பழுப்பா ஒரு பள்ளக்கோடு. 10 வயசு வாக்குல ஈறுகிட்ட தொடங்கி இறங்குமாம், பாதிப் பல்லுக்கு வந்தா 15. இவளுக்குப் பாதி தாண்டிருச்சு. சேணம் உக்கார்ற இடத்துல ரெண்டு திட்டு வெள்ளை முடி, பழைய புண் ஆறின தழும்பு. தொட்டாலே முதுகு சுருங்குது. அன்னிக்குத் தலை தொங்கினது மயக்க ஊசியா இருக்கலாம், அப்பவே ரத்தம் எடுத்திருக்கணும்னார். 95,000 குடுத்து அவ வலியை வாங்கியிருக்கேன்.

சரி, சொன்ன மாதிரி. சேணத்தைக் கழட்டி உங்க கண்ணு முன்னாடி மறுபடி போடச் சொல்லுங்க. வித்தவனே முதல்ல ஏறட்டும், புள்ள இல்ல. கெட்டித் தரையில டிராட் (நடைக்கு அடுத்த மெதுவான ஓட்டம்) விடுங்க, முன்னங்கால் ஒண்ணு ஊனும்போதெல்லாம் தலையைத் தூக்கினா அந்தக் கால்ல கோளாறு. சொல்லாம இன்னொரு நாள் போய் நில்லுங்க. டாக்டரைக் கூட்டிப் போங்க, அவர் ஃபீஸ் 95,000 வராது.

மீதி அப்புறம் எழுதுறேன். தண்ணித் தொட்டி காலி போல, உதைக்கிறா.