ஒரு காலைப்பொழுதின் இரண்டு பதிவுகள்: ஹெண்ட்ரிக்ஸின் வுட்ஸ்டாக் டிவிடி

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘லைவ் அட் வுட்ஸ்டாக்’ இரட்டை டிவிடியை வாங்குகிறவர்கள், முதல் வட்டைப் பார்த்து முடித்த நிறைவில் இரண்டாவதை உறையிலேயே விட்டுவிடக் கூடும். முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் விட்டு வைத்திருந்தேன். 2005இல் வெளியான இந்தத் தொகுப்பில் ஒரே கச்சேரி இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. முதல் வட்டில் இருப்பது தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் 16 மி.மீ. வண்ணப் படச்சுருளில் எடுத்தது. இரண்டாவதில் இருப்பது ஒரு கல்லூரி மாணவர் அக்காலத்து வீடியோ நாடாவில் பிடித்த கறுப்பு வெள்ளைப் பதிவு. முதல் வட்டைப் பார்த்து ஹெண்ட்ரிக்ஸை வியந்தேன் என்றால், அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது இரண்டாவது வட்டைப் பார்த்த பிறகுதான்.

கச்சேரி நடந்த சூழலைச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில், 1969 ஆகஸ்ட் 15 முதல் மூன்று நாட்கள் நடப்பதாகத் திட்டமிடப்பட்ட வுட்ஸ்டாக் இசைவிழா, மழையாலும் தாமதங்களாலும் நான்காம் நாளுக்குள் நீண்டது. விழாவை நிறைவு செய்ய வேண்டிய ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியபோது திங்கட்கிழமை காலை ஆகிவிட்டது. நான்கு லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் அந்த நிலத்தில் அப்போது எஞ்சியிருந்தவர்கள் ஒரு பகுதியினரே. மற்றவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் பழக்கத்தில் ‘ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று அறிமுகப்படுத்த, அந்தக் குழு ஜூன் மாதமே கலைந்துவிட்டதால், ஹெண்ட்ரிக்ஸ் அதைத் திருத்தி ‘ஜிப்ஸி சன் அண்ட் ரெயின்போஸ்’ என்று புதுப் பெயரைச் சொல்கிறார். டிரம்ஸில் பழைய தோழர் மிட்ச் மிட்செல். பேஸ் கிட்டாரில் ராணுவ நாட்களிலிருந்தே நண்பரான பில்லி காக்ஸ். இரண்டாவது கிட்டாரில், வியட்நாமிலிருந்து அண்மையில்தான் திரும்பியிருந்த லாரி லீ. தாள வாத்தியங்களில் ஜூமா சுல்தானும் ஜெர்ரி வெலஸும். இந்த ஆறு பேரும் சேர்ந்து பயிற்சி செய்திருந்த நாட்கள் மிகக் குறைவு என்பது தொடக்கப் பாடல்களிலேயே தெரிந்துவிடுகிறது. சுருதி சேர்ப்பதற்கு ஹெண்ட்ரிக்ஸ் அடிக்கடி நிறுத்துகிறார், பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். இந்த இடங்களையெல்லாம் வெட்டி எறியாமல் விட்டிருப்பதை இத்தொகுப்பின் நேர்மையாகவே கருதுகிறேன்.

முதல் வட்டின் அழகு அந்தக் காலை வெளிச்சத்தில் இருக்கிறது. மேடை விளக்குகளின் சிவப்பு நீலத்துக்குப் பதிலாக மழை ஓய்ந்த வானத்தின் மென்மையான ஒளி அவர் மீது விழுவதால், குஞ்சம் தொங்கும் வெள்ளைத் தோல் மேலாடையும், தலையில் கட்டிய சிவப்புத் துணியும், வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரும் தெளிவாகத் தெரிகின்றன. (அந்தக் கிட்டார் இப்போது அவர் பிறந்த சியாட்டிலில், பாப் கல்ச்சர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) மைக்கேல் வாட்லி இயக்கி 1970இல் வெளிவந்து ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்துக்காக எடுக்கப்பட்ட காட்சிகள்தான் இவை. ஆனால் அந்தப் படத்தில் இக்கச்சேரியின் சிறு பகுதிதான் இடம்பெற்றது. அதிலும் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சேறும் குப்பையுமாகக் கிடக்கும் நிலத்தைக் காட்டப் படம் நகர்ந்துவிடும். இங்கே அவர் மேல் வைத்த கண்ணை எடுக்க வேண்டிய அவசியமில்லை.

கிட்டார் கற்கிறவர்கள் பார்க்க வேண்டியது அவருடைய கைகளை. இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரர்களுக்காகச் செய்த கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மட்டும் தமக்கேற்ப வரிசை மாற்றிக் கட்டி வாசித்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதனால் விளைவது என்ன என்பதை நெருக்கக் காட்சிகள் காட்டுகின்றன. ஒலியளவுக் குமிழ்களும், தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் சுரத்தை மாற்ற உதவும் கம்பியான வேமி பாரும் கீழே இருப்பதற்குப் பதிலாக மேலே, அவருடைய முன்கையை ஒட்டி வந்துவிடுகின்றன. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிச் சாய்வாகப் பதித்திருக்கும், தந்தி அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப் எதிர்த்திசையில் சாய்ந்துவிடுவதால் கனமான தந்திகள் சற்றுக் கூர்மையாகவும் மெல்லிய தந்திகள் சற்றுக் கனிந்தும் ஒலிக்கின்றன. கிட்டாரின் கழுத்தைத் தாண்டி வளைந்து வரும் வலக்கைக் கட்டைவிரல் கீழ் சுரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற நான்கு விரல்களும் மெல்லிசைக்கு விடுதலையாகின்றன. ஒரே மனிதர் இரண்டு கிட்டார் வாசிப்பதுபோலத் தோன்றுவதற்கு அந்தக் கட்டைவிரல் ஒரு முக்கியக் காரணம்.

‘ரெட் ஹவுஸ்’ பாடலின் நடுவே ஒரு தந்தி அறுந்துவிடுகிறது. அவர் நிறுத்தவில்லை. எஞ்சிய தந்திகளில் இடம் மாற்றிக்கொண்டு கறுப்பின அமெரிக்கர்களின் இசை வடிவமான ப்ளூஸில் அமைந்த அந்தப் பாடலை முடிக்கிறார். வீணையில் மெட்டுக்கட்டையின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, இந்தப் பாடலில் அவர் தந்தியை வளைக்கும் விதம் அந்நியமாகத் தோன்றாது. இலக்குச் சுரத்தை எட்டிய பிறகும் அங்கேயே நில்லாமல், அதைச் சுற்றி அசைந்து, சிறிது தாழ்ந்து, மறுபடி ஏறுகிறார். நான் இந்த ஒரு பாடலை மட்டும் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது.

இனி இரண்டாவது வட்டு. படம் மங்கல், வெள்ளை மேலாடை சில இடங்களில் வெறும் ஒளிப்பிழம்பாகக் கரைந்துவிடுகிறது. வண்ணப் பதிவின் செழுமையை இதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இதில் காட்சி எளிதில் தாவுவதில்லை. வண்ணப் பதிவில் ஒரு சுரம் எழும்போது விரலையும், அது முழங்கும்போது முகத்தையும், அடுத்தது தொடங்கும்போது டிரம்ஸையும் காட்டுவார்கள். பார்ப்பதற்குக் கிளர்ச்சியாக இருக்கும், ஒரு நகர்விலிருந்து அடுத்த நகர்வுக்கு எப்படிப் போனார் என்பதுதான் விடுபட்டுப்போகும். மாணவரின் காமிரா ஒரே கோணத்தில் பொறுமையாக நிற்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் ஆம்ப்ளிஃபயரை நோக்கித் திரும்புவது, மிதித்து ஒலியின் தன்மையை மாற்றும் வா-வா பெடலில் கால் வைப்பது, லாரி லீயைப் பார்த்துத் தலையசைப்பது, அடுத்த பாடலுக்கு மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது எல்லாம் அவை நடந்த வரிசையிலேயே தெரிகின்றன. கச்சேரிக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தவர் எதைப் பார்த்திருப்பாரோ அதற்கு மிக அருகில் இந்தப் பதிவு நம்மைக் கொண்டு செல்கிறது.

இரண்டு வட்டுகளையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அமெரிக்க தேசிய கீதம். ‘வூடூ சைல்ட்’ பாடலை நீட்டிக்கொண்டே போய், வேண்டுமானால் புறப்படலாம், நாங்கள் சும்மா வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, நிறுத்தாமலேயே கீதத்துக்குள் நுழைகிறார். முதல் வரிகள் ஏறக்குறைய மெட்டு மாறாமல் வருகின்றன. பாடலின் சொற்களில் ராக்கெட்டும் குண்டும் வரும் இடத்தில்தான் கிட்டாரின் ஒலி உடைகிறது. வேமி பாரை அழுத்தித் தந்திகளைத் தளர்த்தும்போது சுரம் சரிந்து விழுகிறது. ஒலியைக் கரகரக்கச் செய்யும் ஃபஸ் பெடலும் உரக்க வைத்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களும் சேர்ந்து எழுப்பும் ஃபீட்பேக், அதாவது ஒலிபெருக்கியின் ஒலியே தந்தியை மீண்டும் அதிரச் செய்யும் சுழற்சி, தந்தியைத் தொடாமலேயே அலறலாக நீள்கிறது. கீழே மிட்செலின் டிரம்ஸ் மட்டும் புரண்டுகொண்டிருக்கிறது. பிறகு, இறுதி வரிகளுக்கு முன்பாக, ராணுவ இறுதிச் சடங்குகளில் ஊதப்படும் ‘டாப்ஸ்’ என்னும் மெட்டைச் சில சுரங்களில் வாசித்துவிட்டுச் செல்கிறார். நான்கு நிமிடத்துக்கும் குறைவான இந்த வாசிப்பைப் போர் எதிர்ப்பு என்றார்கள், அவமதிப்பு என்றார்கள். சில வாரங்களுக்குப் பின் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் இதைப் பற்றிக் கேட்டபோது, தமக்கு அது அழகாகவே தோன்றியது என்ற பொருளில் ஹெண்ட்ரிக்ஸ் பதில் சொன்னார். பாராசூட் படையில் பணியாற்றியவர், வியட்நாமிலிருந்து வந்த நண்பரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வாசித்தது என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இரைச்சலில் கோபத்தைவிடத் துயரமே மிகுதியாகக் கேட்கிறது. முகத்தில் நடிப்பு இல்லை. கண்கள் பாதி மூடியிருக்கின்றன.

களத்தில் ஒலிப்பதிவு செய்தவர்களில் ஒருவரான எடி கிரேமரே இதற்கான ஒலிக்கலவையையும் செய்திருக்கிறார். கிட்டாரும் பேஸும் மிகத் தெளிவாக இருக்கின்றன; நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் யூனி-வைப் என்னும் ஒலிமாற்றுக் கருவியின் சுழலும் அலையைத் தனியாகப் பின்தொடரலாம். எனக்குள்ள குறைகள் இரண்டு. தாள வாத்தியக்காரர்கள் இருவரும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் காதுக்குக் கேட்பதில்லை. லாரி லீ முன்னின்று பாடிய பாடல்கள் தொகுப்பிலேயே இல்லை. அன்றைய வாசிப்பில் பலவீனமான பகுதி அதுவாகவே இருந்திருந்தாலும், முழுக் கச்சேரியையும் காண விரும்புகிறவருக்கு அந்த இடைவெளி உறுத்தும். ஆறு பேர் கொண்ட குழுவை மூவர் குழுபோலக் கேட்கச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹெண்ட்ரிக்ஸைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு வழக்கமாக 1967இல் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில் நடந்த கச்சேரியைத்தான் பரிந்துரைப்பார்கள். அங்கே அவர் கிட்டாருக்குத் தீ வைத்தார். அந்த விழாவில் வாசித்த சிதார் மேதை ரவிசங்கருக்கு அச்செயல் மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இசைக்கருவிக்குப் பொட்டிட்டு வணங்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. மான்டரேயின் வேகம் அபாரமானது. என்றாலும் அங்கே நெருப்புதான் நினைவில் நிற்கிறது. வுட்ஸ்டாக்கில் வாசிப்பே நினைவில் நிற்கிறது. ஆகவே முதலில் இதையே வாங்கச் சொல்வேன். ப்ளூ-ரே வடிவமும் பின்னர் வெளிவந்தது. டிவிடியே போதும் என்பது என் கருத்து. இணைப்பாக, செப்டம்பரில் ஹார்லெமில் அவர் செய்தியாளர்களைச் சந்தித்த காட்சியும் இருக்கிறது. மெதுவாக, சொற்களைத் தேடித்தேடிப் பேசும் அந்த இளைஞருக்கு அப்போது 26 வயது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று லண்டனில் இறந்துபோனார்.

கச்சேரியின் முடிவை இரவில், விளக்கணைத்துப் பார்க்கலாம். ‘பர்ப்பிள் ஹேஸ்’ முடிந்து, தனியொரு கிட்டாராக நீண்ட கற்பனை வாசிப்பு ஓடி, அது அடங்கும் இடத்தில் ‘வில்லனோவா ஜங்ஷன்’ என்ற சிறிய, சொற்களற்ற மெட்டு வருகிறது. அதுவரை முழங்கிய கை, தந்திகளை வருடுவதுபோலத் தொடுகிறது. பில்லி காக்ஸ் அவருடைய விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்தொடர்கிறார். கூட்டம் மீண்டும் கேட்டதற்காக ‘ஹே ஜோ’ வாசித்துவிட்டு அவர் இறங்கிப் போகும்போது, மேடைக்கு எதிரே சேற்றில் நின்றிருந்தவர்கள் உடனே கலைவதில்லை.