'ஹக் ஆஃப் தண்டர்': எட்டு வருஷம் கேட்டு முடித்த பிறகு

ப்ரோக்கன் சோஷியல் சீன் என்ற ராக் குழுவின் 'ஹக் ஆஃப் தண்டர்' ஆல்பம் 2017 ஜூலை 7 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு முடிவும் வந்துவிட்டது: சுமார். நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் திரிந்தேன், கிட்டத்தட்ட நாலு மாசம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கூடவே அதே வாரத்தில் எழுதிய பெரிய விமர்சகர்கள் மேல் எனக்கிருக்கும் சின்னச் சின்ன வருத்தங்களையும்.

தெரியாதவர்களுக்கு: இவர்கள் கனடாவில் டொராண்டோக்காரர்கள். கெவின் ட்ரூ, பிரெண்டன் கேனிங் இரண்டு பேரும் 1999இல் ஆரம்பித்தது. பேண்ட் என்று சொன்னால் நாலு பேர் கண் முன்னால் வருவார்கள் இல்லையா, இது அப்படி இல்லை. சில சமயம் ஆறு பேர், சில சமயம் பத்தொன்பது பேர். பாடகி ஃபைஸ்ட் இதிலிருந்து வந்தவர்தான், மெட்ரிக் குழுவின் எமிலி ஹெய்ன்ஸும் இதில் உண்டு, ஸ்டார்ஸ் குழுவின் ஏமி மில்லனும் உண்டு. எல்லாருக்கும் தனித்தனிக் கடை இருக்கிறது, ஆனால் திருவிழா என்றால் ஒரே பந்தலில் கூடிவிடுவார்கள். 2002இல் வந்த 'யூ ஃபர்காட் இட் இன் பீப்பிள்' ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளம் பத்துக்கு 9.2 மதிப்பெண் போட்டது, அந்த ஒரு விமர்சனத்தில்தான் கனடாவுக்கு வெளியே பாதிப் பேருக்கு இவர்கள் பெயரே தெரிந்தது. அடுத்த வருஷம் கனடாவின் இசை விருதான ஜூனோவும் கிடைத்தது. 2010இல் ஒரு ஆல்பம், அப்புறம் ஏழு வருஷம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்ததுதான் இது.

இப்போது என் 'சுமார்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அப்போது என்னிடம் இருந்தது இருநூறு ரூபாய் இயர்போன், பெயர் போடாத சரக்கு. அதில் இடது பக்கம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. ஒரேயடியாகச் செத்திருந்தால் தெரிந்திருக்கும். இது அப்படி இல்லை, ஒயரை ஒரு பக்கமாக முறுக்கிப் பிடித்தால் கேட்கும், விட்டால் லேசாகக் கேட்கும், போனைச் சட்டைப் பையில் போட்டால் சுத்தமாகப் போய்விடும். பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவன் ஒயரையா பிடித்துக்கொண்டு இருப்பான், கம்பியைப் பிடிக்க வேண்டாமா? ஆக, பதினைந்து பேர் சேர்ந்து போட்ட ஆல்பத்தில் ஏழு பேரைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்! நவம்பர் மழையில் அந்த இயர்போன் முழுசாகப் போய், தம்பியின் பெரிய ஹெட்போனை இரவல் வாங்கிக் கேட்ட அன்றைக்குத்தான், 'ஸ்டே ஹேப்பி' பாட்டில் அந்தக் குரலுக்குப் பின்னால் இத்தனை விஷயம் நடக்கிறதா என்று இருந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. அந்தப் பாட்டைப் பாடியவர் ஏரியல் எங்கிள், இந்த ஆல்பத்தில்தான் குழுவுக்குள் வந்தார். ஃபைஸ்ட், எமிலி எல்லாம் இருக்கிற இடத்தில் புதுசாக ஒருத்தர் வந்து நிற்பது சாதாரண விஷயம் இல்லை, எனக்கு இன்றைக்கு இந்த ஆல்பம் என்றால் முதலில் ஞாபகம் வருவது அவர் குரல்தான்.

விமர்சகர்களிடம் ஆல்பத்துக்குப் பொதுவாக நல்ல வரவேற்புதான். குறை சொன்னவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள்: ஒன்று, எல்லாம் ஒரே நெரிசலாக இருக்கிறது, இன்னொன்று, புதுசாக எதுவும் இல்லை, பழைய மாவில் சுட்ட தோசைதான். பாராட்டியவர்களின் எழுத்தில் ஆல்பத்தைவிட அது வந்த நேரத்தைப் பற்றிய நெகிழ்ச்சி அதிகமாக இருந்தது என்று எனக்குப் படுகிறது. அதற்குக் காரணமும் இருந்தது. 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த தாக்குதல்தான் திரும்பவும் ஒன்றுகூட வைத்தது என்று கெவின் ட்ரூவே சொல்லியிருக்கிறார். 2017 மே 22 இரவு மான்செஸ்டரில் கச்சேரி அரங்கில் குண்டு வெடித்தது, மறுநாளே அதே ஊரில் இவர்களுக்கு நிகழ்ச்சி. ரத்து செய்யாமல் மேடை ஏறினார்கள், அந்த ஊர்க்காரரான, தி ஸ்மித்ஸ் குழுவில் இருந்த ஜானி மார் வந்து கூட நின்று கிட்டார் வாசித்தார். இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றரை மாசத்தில் ஆல்பத்தைக் கையில் எடுப்பவருக்கு மனசு இளகத்தான் செய்யும், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இளக்கத்தில் எந்தப் பாட்டைத் தூக்கி வைத்தார்கள் என்று பார்த்தால், அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

நம் ஊரில் மார்கழிக் கச்சேரிக்கு உடனுக்குடன் விமர்சனம் வரும், விமர்சகர் சுப்புடு காலத்திலிருந்து அதைப் படித்துவிட்டுச் சண்டை போடுவதும் சீசனில் ஒரு பகுதி. கச்சேரி அன்றைக்கே முடிந்துவிட்டது, மறுநாள் எழுதுவதில் நியாயம் இருக்கிறது. ஆல்பம் முடிகிற சமாச்சாரமா? 'ஹாஃப்வே ஹோம்' முதலில் வெளிவந்த பாட்டு, எல்லாரும் கொண்டாடியதும் அதைத்தான். ஊதுகுழல்கள், டிரம்ஸ், ஒரே நேரத்தில் பத்துத் தொண்டை, முதல் தடவை கேட்கும்போது புல்லரிக்கும், பொய் சொல்லவில்லை. ஐம்பதாவது தடவை, அடுத்து எங்கே எழும்பும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. முதலில் சலித்த பாட்டு எனக்கு அதுதான். 'ப்ரொடெஸ்ட் சாங்' அவ்வளவு இல்லை, எமிலி ஹெய்ன்ஸ் அதைக் காப்பாற்றிவிடுகிறார். 'விக்டிம் லவர்' இன்றைக்கு வரைக்கும் பிடிக்கவில்லை, எட்டு வருஷம் சான்ஸ் கொடுத்தாச்சு. யாரும் அதிகமாகப் பேசாத 'ப்ளீஸ் டேக் மீ வித் யூ' மட்டும் வருஷத்துக்கு வருஷம் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

தலைப்புப் பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சென்னை லோக்கல் ரயிலில் தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போகிறவன். ஆல்பம் ஐம்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, ரயிலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். தாம்பரத்தில் வண்டி நகரும்போது தட்டிவிட்டால், ஏழாவதாக வரும் தலைப்புப் பாட்டு கிண்டியை ஒட்டி ஆரம்பிக்கும். ஃபைஸ்ட் பாடுவது. பாட்டு ஆரம்பத்தில் கிட்டத்தட்ட பேச்சு மாதிரி, பக்கத்து சீட்டில் யாரோ பழைய கதை சொல்லிக்கொண்டு வருவது போல இருக்கும். கிண்டியில் பாதிப் பெட்டி இறங்கும், "சார், இறங்குறீங்களா இல்லையா" என்று முதுகில் இடி விழும், அந்தக் குரல் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டு இருக்கும். வண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது அடியில் தடதடவென்று சத்தம் மாறும், பாட்டும் பெருசாகத் தொடங்கியிருக்கும். சைதாப்பேட்டை தாண்டி மாம்பலம் கூட்டம் கண்ணில் படும்போது எல்லாரும் சேர்ந்துகொண்டிருப்பார்கள். சிக்னலில் நின்றுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுப்போகும், அது வேறு.

நெரிசல் என்று சொன்னவர்களுக்கு என் பதில் அம்மாவிடமிருந்து. ஒரு நாள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏண்டா, கல்யாண வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று கேட்டேன். "கல்யாண வீட்ல எல்லாரும் பேசத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார். படித்த விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

கூட்டமாகப் பாடுவது என்றால் என்ன என்று எனக்கு நேரில் தெரிந்தது ஆல்பம் வந்து ஆறு மாசம் கழித்து, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் மேடை. கானா, ராப், ராக், பறை, பத்தொன்பது பேர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, டொராண்டோக்காரர்கள் பாடுவது நட்பு, பிரிவு, ஒருவித மங்கலான கவலை, இங்கே பாடியது இட ஒதுக்கீட்டைப் பற்றி, மலக்குழிச் சாவைப் பற்றி. ஆனால் அந்தப் புழுதியில் நின்றபோது ஒன்று பிடிபட்டது. மேடையில் இத்தனை பேர் நிற்கும்போது யார் நல்லாப் பாடினார் என்ற கேள்வி தானாக விழுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து 'ஹக் ஆஃப் தண்டர்' திரும்பக் கேட்டபோது, யார் எந்தப் பாட்டு என்று தேடுவதை நானும் நிறுத்தியிருந்தேன்.

புதுசாக எதுவும் இல்லை என்ற குறை மட்டும் இன்னும் நிற்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். 2002 ஆல்பத்தில் இருந்த 'இவன் அடுத்து என்ன பண்ணப்போறானோ' என்ற பயம் இதில் இல்லை. வாங்கப்போகிறவர்களுக்கு: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், சேறு மாதிரி இருக்கும். ஹெட்போன் விலை பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு பக்கமும் வேலை செய்தால் போதும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், முதல் பாட்டு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் வெறும் இசைதான், தனியாக வந்தால் பாட்டு கெட்டுப்போச்சோ என்று நினைப்பீர்கள்.

நான் இப்போதெல்லாம் 'ஹாஃப்வே ஹோம்' வந்தால் தாண்டிவிடுகிறேன். அதில் நாலைந்து நிமிஷம் குறைந்து, ஆல்பம் பார்க் ஸ்டேஷன் பக்கமே முடிந்துவிடுகிறது. மிச்ச தூரத்துக்கு எதுவும் போடுவதில்லை, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிடுவேன்.